ஃபேன் ஓடும் நாளில் பார்த்து வாங்கிய பிளான்ட்

இரும்பு ஒட்டுகிற பழைய வெல்டிங் பிளான்ட் ஒன்றைப் பார்த்துத் தரச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட வந்தால், பிளான்ட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கரண்டைப் பற்றிக் கேளுங்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. கெலிஓயாப் பட்டறையில் என்னோடு நின்றவர்களுக்கு அது தெரியும். இப்போது புதிதாக ஷீல்டைக் கையில் எடுத்திருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்குத் தெரியாது. பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். நான் சொல்கிறேன், என் மகள் எழுதிக்கொள்கிறாள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனவன் இல்லை. வெல்டிங் குச்சி இரும்பில் ஒட்டிக்கொண்டால் கரண்ட் குறைவு, இரும்பு ஓட்டையாகிப் போனால் கரண்ட் அதிகம். என் படிப்பு அது.

எனக்கு முதன்முதலில் வேலை தந்தவர் கட்டுகஸ்தோட்டையில் இருந்த ஒரு பெரிய பாஸ். தொழில் தெரிந்த மேஸ்திரியை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; இவர் பெயர் வேண்டாம், எல்லாரும் பெரிய பாஸ் என்றே சொல்வோம். அவர் பழைய பிளான்ட் வாங்கப் போனால் எரித்துக் காட்டு, அதாவது ஒட்டிக் காட்டு என்று கேட்க மாட்டார். முதலில் மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விடுவார். உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பியின் வார்னிஷ் ஒரு தடவை கருகினால் அந்த நாற்றம் சாகும்வரை போகாது. இது தெரிந்த வியாபாரி ஒருவன், நாங்கள் போவதற்கு முன்னால் பிளான்ட்டுக்குள்ளே சாம்பிராணி போட்டு வைத்திருந்தான். மூடியைத் திறந்ததும் கோயில் வாசம். பெரிய பாஸ் மூக்கை எடுத்தார்.

"என்னப்பா இது?"

"கண்ணூறு பட்டுரும்னு சாம்பிராணி காட்டுனேன் பாஸ்."

"கண்ணூறு வெளிய இருந்துதானே வரும்? நீ ஏன் உள்ள காட்டுன?"

அவ்வளவுதான். மூடியைத் திருப்பிப் பூட்டக்கூட இல்லை, நடந்துவிட்டார். அதிலிருந்து எனக்கும் அந்தப் பழக்கம். யார் என்ன சிரித்தாலும் முதலில் மூக்கு. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆனால் மூக்கால் மட்டும் முடியாது என்பதற்குத்தான் இந்தக் கதை.

நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு நடந்தது இது. ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு, காலையில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ரவி. குண்டசாலையில் ஹயர் ஓடுகிற பையன். அவனுடைய ஆட்டோவின் உடைந்த கேரியரை நான் பல தடவை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். பின்னால் இருந்து இறங்கியவள் அவனுடைய அண்ணி, செல்வராணி. மடுல்கெல்லப் பக்கம் தோட்டத்துக்குக் கீழே சின்னக் காணித்துண்டு, இரண்டு மாடு, கொஞ்சம் மரக்கறி. புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில். மாடும் காணியும் அவள் பொறுப்பு.

"மாமா, ஒரு பழைய பிளான்ட் பாக்கணும். இன்னைக்கே."

"போயா அன்னைக்கு எவன் கடை தெறப்பான்?"

"கெலிஓயா நானா தெறப்பாரு. ரவி போன் பண்ணிட்டான்."

"என்ன வேலைக்குப் புள்ள?"

"புலிக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். மழைக்காலத்தில் ஒன்று இறங்கி வந்து, மாட்டுப்பட்டியின் பலகையைப் பிய்த்து, பிறந்து கொஞ்ச நாளே ஆன கன்றைக் கொண்டுபோய்விட்டது. பெண் கன்று. பலகையை இரட்டையாக அடித்தாள், அதையும் பிறாண்டி வைத்திருந்தது. இப்போது மற்ற மாடு சினை. மடி இறங்கிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ. இந்தக் கன்றும் போனால் பட்டியை நடத்துவதில் அர்த்தமில்லை, மாட்டை விற்றுவிட்டு நீயும் கொழும்புக்கு வா என்று புருஷன் சொல்லிவிட்டானாம்.

"இரும்புக் கதவுன்னா ஒரு பாஸ கூட்டிட்டுப் போய் ஒட்டிக்கலாமே. பிளான்ட் எதுக்கு?"

"ஒருத்தர் வந்தாரு மாமா. அளவெடுத்தாரு. கோழிக்கறியோட சாப்பிட்டாரு. திங்கக்கெழம வாரேன்னாரு. இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு."

"ஒட்டத் தெரியுமா?"

"குண்டசாலையில ஒரு கோர்ஸ் செஞ்சேன். என்னோட சேந்த பொம்பளைங்க எல்லாம் தையலுக்கு மாறிட்டாங்க. நான் மாறல."

ரவி குறுக்கே விழுந்தான். "மாமா, அண்ணி கதவோட நிக்கப் போறதில்ல. மேல் வீடு, கீழ் வீடு, தண்ணி பைப்பு, புல்லு வெட்டுற மெசின் ஸ்டான்ட், எல்லாத்துக்கும் ஆர்டர் புடிச்சாச்சு. பிளான்ட்டுதான் இன்னும் இல்ல."

நானாவின், அதாவது பழைய இரும்பு விற்கிற அந்த முஸ்லிம் அண்ணனின், முற்றம் உங்களுக்குத் தெரியாததா? கெலிஓயாவில் பழைய மோட்டர், கிரைண்டர், லொறி ஸ்பிரிங் எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும் அந்த மாதிரி இடம். கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரிய பிளான்ட் இரண்டை இழுத்து வெளியே வைத்திருந்தார். நான் முதலாவதின் மூடியைக் கழற்றிக் குனிந்தேன்.

"பாஸ், மூக்க வெளிய எடுங்கொ. அதுக்குள்ள பிரியாணி இல்ல."

"கருகின பிரியாணி இருக்கு நானா."

"அப்ப அத விடுங்கொ, மத்தத பாருங்கொ" என்று அவரே அதைக் காலால் தள்ளிவிட்டார்.

மற்றது நல்ல சாமான். சக்கரம் வைத்த பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே செம்பு. ஸ்க்ரூ எதிலும் திருப்புளி கண்டபடி கிழித்த தடம் இல்லை, அப்படியென்றால் கண்டவன் கை உள்ளே போகவில்லை. கேபிள் வளைந்து கொடுத்தது, வெடிப்பு இல்லை. நாற்றம் இல்லை. ரவி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணி, இத வாசல்ல வெச்சாலே போதும். புலி பாத்துட்டு ஓடிரும்."

செல்வராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் குவியலுக்குள் கையால் தூக்குகிற சின்ன இன்வேட்டர் வெல்டிங் பெட்டி ஒன்று கிடந்தது. தோளில் மாட்டுகிற வார் அறுந்து, மேலே சிமெந்து அப்பியிருந்தது.

"அது என்ன நானா?"

"அது புள்ளைகள் வெளையாடுற சாமான், மகள். கட்டடம் கட்டுற பொடியன் ஒருத்தன் போட்டுட்டுப் போனது. அதப் பாக்காதீங்கொ."

நானும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தச் சின்னப் பெட்டிகள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை இல்லை. செம்பு கருகினால் திருப்பிச் சுற்றலாம். அந்தச் சின்னப் பெட்டி கருகினால் தூக்கிப் போடவேண்டியதுதான்.

பெரியதை எரித்துக் காட்டினார் நானா. பிறகு செல்வராணி ஷீல்டை வாங்கி ஒரு கோடு இழுத்தாள். கசடைத் தட்டிப் பார்த்தேன். அடுக்கு அடுக்காக, அழகாக விழுந்திருந்தது. கோர்ஸ் வீண்போகவில்லை. ரவி தூக்கத் தயாராகிவிட்டான்.

அப்போதுதான் நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். நானாவின் கூரைக்கு மேலே, கையை நீட்டினால் தொடலாம் போல, லைன் டிரான்ஸ்போமர். அடுத்த பக்கத்தில் மர ஆலை, போயா என்று பூட்டிக் கிடந்தது. கரண்ட் முழுசாக வந்து நானாவின் முற்றத்தில் கொட்டுகிறது. இங்கே எது எரியாது?

"புள்ள, ஒன் வீட்டுக்கு லைன் எங்க இருந்து வருது?"

"தேயிலப் பேக்டரிப் பக்கத்துல இருந்து மாமா. லைன்ல கடைசி வீடு எங்களோடது."

"நானா, அங்க கொண்டுபோய்ப் பாக்கணும்."

நானாவின் முகம் மாறியது. "பாஸ், ஒங்களுக்குத் தெரியாதா? பழைய சாமான் கேட்டத் தாண்டினா திரும்பி வாறதில்ல. வாப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான்."

செல்வராணி சொன்னாள்: "நல்லதுதானே நானா. ஒங்க சாமான் எரியும்னா ஏன் திரும்பி வரப்போகுது? வேணும்னா அதுவரைக்கும் என் மாட்டப் புடிச்சு வெச்சுக்கங்க."

"மாட்டப் புடிச்சா புலி என்ட கடைக்கில்ல வரும்!" நானா சிரித்துவிட்டார். அடுத்த நாள் தேயிலைப் பேக்டரியில் கழித்துப்போட்ட இரும்பு ஏற்ற அவருடைய லொறி எப்படியும் மேலே போகவேண்டியிருந்தது. மடுல்கெல்லக் கடைவீதியில் மச்சான் வீடும் இருந்தது. "சரி, இண்டைக்கே வாரேன். ஆனா ஒண்டு. அங்க எரிஞ்சா அங்கேயே முடிவு. ஏத்தி எறக்கி வெளையாட எனக்கு ஏலாது."

"சரி நானா. அந்தச் சின்னதையும் போடுங்க."

"அது எதுக்கு?"

"லொறில எடம் இருக்குதானே."

ரோட்டிலிருந்து அவளுடைய வீட்டுக்கு மண்படி இறங்கவேண்டும். பெரிய பிளான்ட்டைத் தூக்க தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தான் ரவி. சாமி ஊர்வலம் போல இறக்கினார்கள். இறக்கி வைத்ததும் பிளேன்டீ குடித்துவிட்டு அவரவர் பாட்டுக்குப் போய்விட்டார்கள். போயா லீவு, யாருக்கு வேலை?

வீட்டு வாசலில் வைத்து, லைனில் கொடுத்து எரித்தோம். கெலிஓயாவில் எரிந்த மாதிரியே எரிந்தது. ஒரு குறையும் இல்லை. கதவுக்கு வைத்திருந்த ஆங்கிள் துண்டில் நானே ஒன்று போட்டுப் பார்த்தேன்.

"முடிவுதானே?" என்றார் நானா.

முடிவு என்று சொல்ல எனக்கும் வாய் வந்துவிட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்தாயிற்று, இதற்கு மேல் என்ன? செல்வராணி மட்டும் ஷீல்டைத் தூக்கிப் பிடித்தபடி மேலே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேக்டரி இன்னைக்கு ஓடல."

"போயா அன்னைக்கு எங்க அண்ணி ஓடும்? கொழுந்தே எடுக்கலையே."

"அதத்தான்டா சொல்றேன். கொழுந்து வாட்டுற ஃபேன் போட்டா நம்ம பல்பு மஞ்சளா போகுமா இல்லையா? இன்னைக்குப் பாரு, கல்யாண வீடு மாதிரி எரியுது."

நாங்கள் எல்லாரும் பல்பைப் பார்த்தோம். தம்பிமாரே, இத்தனை காலம் இந்தத் தொழிலில் கிடந்து வந்த எனக்கு அந்த இடத்தில் தோன்றாதது அதுதான். பிளான்ட்டைப் பார்த்தேன், லைனைப் பார்த்தேன், நாளைப் பார்க்கவில்லை. வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு கிடைப்பது போயாவுக்கு. ஆகவே வாங்கப் போவது போயாவுக்கு, எரித்துப் பார்ப்பதும் போயாவுக்கு. அன்றைக்கு மர ஆலை இல்லை, பேக்டரி இல்லை, கரண்டைக் குடிக்க வேறு ஆளே இல்லை. மடுல்கெல்லவிலிருந்து கம்பளை வரைக்கும் எத்தனை பேர் இப்படிப் போயாவில் பார்த்து வாங்கி, அடுத்த நாள் குச்சி ஒட்டிக்கொண்டதும் பிளான்ட்டைத் திட்டியிருப்பார்கள்!

நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசினது என்ன மகள்? எரிஞ்சா முடிவுண்டுதானே பேசினது?"

ரவி சொன்னதில்தான் ஆபத்து இருந்தது, ஏனென்றால் அதில் நியாயமும் இருந்தது. "அண்ணி, இப்ப எரியுதுதானே? இத வாங்கி இப்பவே ஆரம்பிச்சா இருட்டுறதுக்குள்ள கதவு முடியும். மாட்டப் பாருங்க, நாளைக்குத் தாங்காது. ஃபேன் ஓடுற கதைய பொறவு பாத்துக்கலாம்."

மாடு பட்டியில் நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. செல்வராணி அதைப் பார்த்தாள். பிளான்ட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம் இன்றைக்கே கதவு. மறுபக்கம், போயாவுக்கு மட்டும் எரிகிற ஒரு பெட்டிக்கு இருக்கிறதையெல்லாம் கொட்டிவிட்டு, பிறகு வேறொன்று வாங்க வழியில்லாமல் நிற்பது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நாம் வாய் திறக்கக்கூடாது. கருவியைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம். மாடு அவளுடையது.

"இன்னைக்குக் கதவு ஒட்டலாம்டா" என்றாள். "நாளைக்குக் கீல் விட்டுப் போனா? அடுத்த போயா வரைக்கும் பொறுத்துக்கன்னு புலிகிட்ட லீவு கேக்கவா? இல்ல. நாளைக்கு ஃபேன் ஓடட்டும். அப்ப எரியட்டும்."

"அப்ப நான் சாமான ஏத்துறேன்" என்று எழும்பினார் நானா. ரவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்படியைப் பார்த்தார். தூக்கி வந்த ஆட்களில் ஒருவரும் இல்லை.

"நாளைக்கே வாரேன்" என்று சொல்லிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போனார்.

அன்று முழுவதும் செல்வராணி சும்மா இருக்கவில்லை. கம்பியையும் ஆங்கிளையும் அளந்து அறுத்து அடுக்கினாள். கதவு தரையில் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது, ஒட்டுவதுதான் பாக்கி. நான் அங்கேயே தங்கினேன். அவளும் ரவியும் மாறி மாறிப் பட்டியில் காவல் இருந்தார்கள். மாடு இன்னும் கன்று போடவில்லை.

மறுநாள் முற்பகல் நானா லொறியோடு வந்தார். கொழுந்து நிறுத்து ஏற்றுகிற சத்தம் மேலே கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் ஓடத் தொடங்கின. தூரத்தில் பெரிய மழை வருவது போன்ற இரைச்சல். வீட்டுப் பல்பு மஞ்சளாகி, பழுத்துப்போய்த் தொங்கியது.

ஒட்டத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மாட்டையும் அவிழ்த்துத் தூரத்தில் பலாமரத்தடியில் கட்டச் சொன்னேன். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குண்டசாலையில் ஒரு பால் பட்டியில் நாங்கள் வேலை செய்தபோது ஒருவன் எர்த் கிளிப்பை ஒட்டுகிற இரும்பில் போடாமல், கைக்கு எட்டிய தண்ணீர்ப் பைப்பில் போட்டான். குச்சி பட்டதும் அந்தப் பக்கத்தில் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடு முழங்கால் மடிந்து விழுந்தது. சாகவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தத் தொட்டியில் அது வாய் வைக்கவே இல்லை. ஈரத்தில் நான்கு காலில் நிற்கிற உயிர், நமக்கு உறைக்காதது அதற்கு உறைக்கும். எர்த், ஒட்டுகிற இரும்பிலேயே. மாடு, பட்டிக்கு வெளியே. இதில் பேச்சே வேண்டாம்.

பெரிய பிளான்ட்டை முதலில் போட்டோம். உறுமியது. செல்வராணி குச்சியைத் தொட்டாள், ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்து மறுபடி தொட்டாள், மறுபடி ஒட்டியது. மேல் வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் ராணி! என்னாடி பண்ற? டிவி செத்துப் போச்சு!"

"கொஞ்சம் பொறுங்கக்கா!"

"சீரியல் பொறுக்குமாடி?"

நானா குச்சி மாட்டுகிற ஹோல்டரைப் பிடுங்கினார். "விடுங்கொ மகள், நான் காட்டுறேன்." கைப்பிடியைக் கடைசிவரை திருகிக் கரண்டைக் கூட்டிவிட்டுத் தொட்டார். படார் என்று வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. பல்பு, ரேடியோ, எல்லாம் போயிற்று. நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"கெலிஓயாவுல எரிஞ்சிச்சே..." என்றார், பிளான்ட்டைப் பார்த்து, அதனிடமே சொல்வது போல.

பிளான்ட் மேல் பிழை இல்லை. அவர் மேலும் இல்லை. அவர் நல்ல சாமானைத்தான் கொண்டுவந்தார். நல்ல சாமான், வேறு ஒரு லைனுக்கு.

பலாமரத்தடியில் சினை மாடு படுத்து எழும்பியது. மறுபடி படுத்தது. எல்லாருக்கும் அது தெரிந்தது.

"மாமா, அந்தச் சின்னதப் போடுங்க."

"இந்த டிபன் கேரியரையா?" என்றான் ரவி.

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட ஓடிவிட்டான். நான் இன்வேட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கிரைண்டர் தூள், கரப்பான் முட்டை, காய்ந்த சிமெந்து. கருகின நாற்றம் இல்லை. ரவியின் சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தூளை வெளியேற்றினேன். இரும்புத்தூள் உள்ளே கிடந்தால் அதிலிருக்கிற சர்க்கிட் பலகை எப்போது வேண்டுமானாலும் போகும். ஆகவே அவசரம் என்றாலும் இதை விடாதீர்கள். மூடிப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். உள்ளே இருந்த சின்ன ஃபேன் ஓடியது. ஒரு சிவப்பு லைட் வந்து அணைந்தது.

தடித்த குச்சி வேண்டாம், மெல்லியதை வை என்றேன். செல்வராணி தொட்டாள்.

பிடித்துக்கொண்டது.

மேலே பேக்டரி இரைகிறது, பல்பு மஞ்சளாகத் தொங்குகிறது, குச்சி பாட்டுக்கு எரிகிறது. மேல் வீட்டு டிவியிலிருந்து யாரோ அழுகிற சத்தம் தொடர்ந்து வந்தது. ஒரு குச்சி முடித்து அடுத்தது, அதையும் முடித்து அடுத்தது. பிறகு மஞ்சள் லைட் வந்து பெட்டி தானாக நின்றது. சூடு. கொஞ்சம் ஆறவிட்டதும் மறுபடி எரிந்தது.

அவள் ஷீல்டை இறக்கினாள்.

"மாமா, இது எத்தன வருசம் வரும்?"

"தெரியாது புள்ள. நாளைக்கே நின்னாலும் நின்னுரும்."

"இன்னைக்கு?"

"இந்தக் கரண்டுல இவ்வளவு நேரம் எரிஞ்சிருக்கு. ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டுனா கதவு முடியும். அதுக்கு மேல நான் ஒண்ணு சொன்னா அது பொய்யி."

"பெருசு?"

"ஒன் காலத்துக்கும் கெடக்கும். போயாவுக்குப் போயா எரியும்."

"அப்ப சின்னது" என்றாள்.

என் கை செம்புப் பெட்டியின் மேல்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க நான் பிறருக்கு வாங்கிக் கொடுத்தது அந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். கையை எடுத்துவிட்டேன். நாம் வாங்கிக் கொடுப்பது நமக்கு இல்லை. அவளுடைய லைனில், அவளுடைய பட்டியில், ஃபேன் ஓடுகிற நாளில் எரிவதுதான் அவளுடைய பிளான்ட். நமக்குப் பிடித்ததை அடுத்தவர் தலையில் கட்டுகிற பழக்கம் நம் தொழிலில் நிறைய இருக்கிறது. உங்களுக்கும் வரும். வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

நானா சட்டைக் கையை மடித்தார். "புள்ளைகள் வெளையாடுற சாமானுண்டு செல்லிட்டேன். அந்த வாயிக்கி நானே கம்பி புடிக்கிறேன். எங்க புடிக்கணும், மகள்?"

"அந்த மூலையக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க நானா. கண்ண மூடிக்கங்க."

கதவு எழும்பியது. அவள் ஒட்டினாள், நானா பிடித்தார், ரவி கசடு தட்டினான். பெட்டி சூடாகி நிற்கும்போதெல்லாம் அவள் போய் மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள். நான் செய்தது, அடுத்த குச்சியை எடுத்துக் கொடுத்தது மட்டும். பட்டியைச் சுற்றிக் கம்பி வரிசை, முன்னால் கதவு. கடைசியாகக் கீழ்க் கீல். அப்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாடு வாலைத் தூக்கிப் பிடித்துவிட்டது. அவள் அந்தக் கீலைக் கொஞ்சம் ஓட்டமாகத்தான் ஒட்டினாள். நான் பார்த்தேன். சொல்லத்தான் இருந்தேன்.

அதற்குள் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளே நின்றுகொண்டு ரவியைக் கூப்பிட்டாள்.

"டேய், நீதான் புலி. வா."

"என்னாது?"

"ஓடி வந்து இடி. முழுப் பலத்தோட."

ரவி நானாவைப் பார்த்தான். நானா கையை விரித்தார். ரவி பின்னால் போய், ஓடி வந்து, தோளால் இடித்தான். கதவு அதிர்ந்தது. கீழ்க் கீலில் டக் என்று ஒரு சத்தம். ஒட்டு விட்டுவிட்டது.

தூரத்தில் மாடு அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது.

செல்வராணி யாரையும் திட்டவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தாள். விட்ட ஒட்டை முழுக்கக் கிரைண்டரால் தேய்த்தாள். மேலே பூசி மறைக்கவில்லை, பழையதன் அடிவரை தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் குச்சியை வைத்தாள். முதலில் ஒரு கோடு. நிறுத்தி, கசடு தட்டி, அதன் மேல் ஒரு கோடு. மறுபடி தட்டி, பக்கத்தில் ஒன்று. முதல் தூறல் விழுந்தது. தகரக் கூரைக்கு உள்ளே தள்ளிப் பெட்டியை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் முடித்தாள். மாடு கத்துகிற நேரத்தில் அவசரப்படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஒரு நாள் தெரியவரும்.

மறுபடி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"வா."

"அண்ணி, தோளு வலிக்குது..."

"புலி பேசாது. வா."

ரவி வந்தான். இந்தத் தடவை கோபத்தோடு வந்தான். இடித்துவிட்டு அவனே திரும்பிப் போய் விழுந்தான். கதவு நின்றது.

"நானா, நீங்களும் வாங்க" என்றாள் உள்ளே இருந்து.

பெரிய உடம்பு நானாவுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஓடி வந்து இடித்தார்கள். தகரத்தில் இருந்த தூசி எல்லாம் கொட்டியது. கதவு நின்றது. நான் குனிந்து கீழ்க் கீலைப் பார்த்தேன். மயிர் அளவு வெடிப்பும் இல்லை.

செல்வராணி தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினாள். மற்றதை ரவியிடம் விட்டுவிட்டு, சினை மாட்டை அவிழ்த்து, கழுத்தைக் கட்டிப் பிடித்து, பேசிப் பேசி நடத்திக் கொண்டுவந்து உள்ளே விட்டாள். இருட்டுவதற்குள் போட்டது. பெண் கன்று.

நான் கெலிஓயாவுக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. ராத்திரி புலி வந்திருக்கிறது. பட்டியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, பிறகு கதவுக்கு நேரே ஈர மண்ணில் நான்கு கால் தடமும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும் என்றாள். கன்றுக்கு ஒன்றும் இல்லை.

"நீ என்ன செஞ்ச புள்ள?"

"என்ன செய்ய மாமா? விடிஞ்சா கறக்கணும்தானே. அந்தத் தடத்து மேலயே மிதிச்சு, வாளிய எடுத்துக்கிட்டு உள்ள போனேன்."